செப்டம்பர் வந்தால் என்.எஃப்.எல். பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை, அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். பற்றி ஒரே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆனவர்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஜெர்சி கேட்டதால் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய அப்பா அம்மாக்கள், ஃபேன்டஸி லீகில் (உண்மையான ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்துக்குப் புள்ளி எண்ணும் போட்டி) இழுத்துவிடப்பட்டவர்கள் என்று எல்லோரும் கேட்பவை இவை. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. ஆட்டத்தைப் பற்றிப் பாதி, ஆட்டத்தை வைத்து நடக்கும் கலாய்ப்பைப் பற்றிப் பாதி.

ஃபுட்பால்னு சொல்றாங்க, ஆனா கையில தூக்கிட்டு ஓடுறாங்க. அடிப்படை என்னன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்களேன்?

சாக்கரும் ரக்பியும் பிறந்த அதே பழைய குடும்பத்தில் பிறந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 100 யார்டு மைதானம், பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். 10 யார்டு கடந்துவிட்டால் மறுபடி 4 வாய்ப்பு கிடைக்கும். எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஓர் உதைக்கு 1 புள்ளி. உதைக்காமல் 2 யார்டு தூரத்திலிருந்து மறுபடி உள்ளே போனால் 2 புள்ளி. தூரத்திலிருந்து கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். "மூணாவது டவுன், இன்னும் 7 யார்டு" என்பது கடைசி ஓவரில் "2 பந்து, 7 ரன்" என்பதுபோல ஒரு நிலவரம். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நிற்கும், அடுத்ததற்கு 40 விநாடி வரை அவகாசம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு மேட்சில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஏறத்தாழ 11 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் பேச்சுக்கு. இந்த ஆட்டத்தைச் சுற்றி இவ்வளவு நகைச்சுவை வளர்ந்ததற்கு அதுவே முதல் காரணம்.

எந்த டீமைப் பிடிக்கிறது? ஜெயிக்கிற டீமா பார்த்து எடுத்துக்கலாமா?

இருக்கும் ஊர் அணியை எடுங்கள். திங்கட்கிழமை காலையில் பக்கத்து மேஜைக்காரரோடு பேசுவதற்கு அதுதான் உதவும். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருந்தால் ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் இரண்டுமே உங்களுடையவை: பெயரில்தான் நியூயார்க், ஆடுவது ஈஸ்ட் ரதர்ஃபோர்டில். டாலஸ் பக்கம் இருந்தால் கவ்பாய்ஸ். பயிற்சி ஃபிரிஸ்கோவில், மேட்ச் ஆர்லிங்டனில். பே ஏரியாவில் 49அர்ஸ்; பெயர் சான் பிரான்சிஸ்கோ, மைதானம் சான்டா கிளாராவில்.

போன வருடம் கோப்பை வென்ற அணியைச் செப்டம்பரில் புதிதாகப் பிடித்தால் "பேண்ட்வேகன்" என்ற பெயர் விழும், இரண்டு மூன்று சீசனுக்குப் போகாது. தோற்கிற ஊர் அணியோடு நின்றவரின் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம். இது நியாயமும்கூட. கலாய்ப்பு என்பது கொடுக்கல் வாங்கல். வாங்கிக்கட்டிக்கொள்ள எதுவும் இல்லாதவர் கொடுக்க வந்தால் யாரும் ரசிப்பதில்லை.

சீசன் எப்போ ஆரம்பிக்குது? மொத்தம் எத்தனை மேட்ச்?

செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே. வழக்கமாக அந்த வாரமே தொடக்கம். 32 அணிகள், 2021 முதல் ஒவ்வொன்றுக்கும் 18 வாரத்தில் 17 மேட்ச். ஒரு வாரம் ஓய்வு, அது பெரும்பாலும் 5ஆவது அல்லது 6ஆவது வாரத்திலிருந்துதான் வரத் தொடங்கும். ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்று இரண்டு மாநாடுகள் (கான்ஃபரன்ஸ்), அதாவது லீகின் இரண்டு பாதிகள். ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகள். மாநாட்டுக்கு 7 வீதம் 14 அணிகள் ப்ளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்குப் போகும்.

இந்த 17ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்பாலில் 162 ஆட்டம், கூடைப்பந்தில் 82. அங்கே இரண்டு தோல்வி யாருக்கும் நினைவிருக்காது. இங்கே இரண்டு தோல்வி என்பது சீசனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஒரு தோல்விக்கே ஊர் ரேடியோவில் கோச்சை மாற்றச் சொல்லிப் போன் வருவது இதனால்தான்.

இந்தியாவிலிருந்து பார்க்கணும்னா எத்தனை மணிக்கு?

நியூயார்க் நேரம் ஞாயிறு மதியம் 1 மணி ஆட்டம் இந்தியாவில் ஞாயிறு இரவு 10.30. மாலை 4.25 ஆட்டம் திங்கள் அதிகாலை 1.55. இரவு 8.20 ஆட்டம் திங்கள் காலை 5.50, காபியோடு பார்க்க இதுவே தோது. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரம் மாறிய பிறகு எல்லாவற்றோடும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ப்ரீசீசன்ல எங்க டீம் எல்லா மேட்சும் ஜெயிச்சிருக்கு. இந்த வருஷம் நாங்கதானே?

2008இல் டெட்ராய்ட் லயன்ஸ், சீசனுக்கு முன் ஆகஸ்டில் நடக்கும் ப்ரீசீசன் பயிற்சி மேட்சுகள் நான்கையும் வென்றது. சீசன் தொடங்கியதும் 16க்கு 16 தோல்வி. 2017இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அதே நான்கையும் வென்று, அதே 16ஐயும் தோற்றது. 16 ஆட்ட சீசனில் முழுதாகத் தோற்ற அணிகள் இந்த இரண்டு மட்டுமே. இரண்டும் ப்ரீசீசனில் தோற்காதவை.

காரணம் எளிது. ஆகஸ்டில் ஒவ்வொரு அணியிலும் 90 பேர் இருப்பார்கள். சீசனுக்கு முன் 53ஆகக் குறைக்க வேண்டும். ப்ரீசீசன் என்பது அந்த 53இன் கடைசி பத்து இடத்துக்கு யார் என்று பார்க்கும் தேர்வு. முதல் நிலை ஆட்டக்காரர்கள் சில நிமிடம் ஆடிவிட்டுத் தொப்பி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கோச்சுகளும் உண்மையான உத்திகளை மறைத்துவைத்து நாலைந்து சாதா ஆட்டங்களையே திருப்பித் திருப்பி ஆடுவார்கள். அங்கே பார்க்க வேண்டியது ஸ்கோரை அல்ல. புதிதாக எடுத்த பையன் முதல் நிலை ஆட்டக்காரர்களுக்கு எதிரே எப்படி ஆடினான் என்பதையும், யாருக்குக் காயம் என்பதையும்தான்.

முதல் மேட்ச்லயே 31-0ன்னு தோத்துட்டோம். சீசன் முடிஞ்சுதா?

2003இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் முதல் வாரம் பஃபலோவிடம் சரியாக அதே 31-0 கணக்கில் தோற்றது. சீசனுக்குச் சில நாள் முன்பு அவர்கள் கழற்றிவிட்ட லாயர் மில்லாய் என்ற தடுப்பாட்டக்காரர், பஃபலோ அணியில் சேர்ந்து அவர்களுக்கு எதிராகவே ஆடினார். அணிக்குள் கோச்மீது கசப்பு, வெளியே கேலி. ஆனால் பேட்ரியட்ஸ் 14-2 (14 வெற்றி, 2 தோல்வி) என்று முடித்து, சூப்பர் பௌல் என்ற கோப்பை இறுதி ஆட்டத்தையும் வென்றது. சீசனின் கடைசி வாரம் அதே பஃபலோவை 31-0 என்று வென்று கணக்கைத் தீர்த்தது. இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், முதல் வாரத்தில் உங்களைச் சீண்டுகிறவருக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

2014இல் அதே அணி நான்காவது வாரம் கேன்சஸ் சிட்டியிடம் 41-14 என்று அடிவாங்கியது. கோச் பில் பெலிசிக்கிடம் என்ன கேட்டாலும் "அடுத்து சின்சினாட்டி" என்பதையே பதிலாகச் சொன்னார். சின்சினாட்டியை 43-17 என்று வென்றார்கள், அந்த வருடமும் கோப்பை அவர்களுக்கே. இன்றைக்கும் ஒரு சங்கடமான கேள்வியைத் தவிர்க்க ரசிகர்கள் "அடுத்து சின்சினாட்டி" என்கிறார்கள். பிள்ளையின் ரேங்க் கார்டைப் பற்றிக் கேட்டால்கூட.

சரி, 0-2? 0-3? எதுவரைக்கும் நம்பிக்கை வைக்கலாம்?

1990 முதல் பார்த்தால் 0-2 என்று தொடங்கிய அணிகளில் ஏறத்தாழ எட்டில் ஒன்றுதான் ப்ளேஆஃப் போயிருக்கிறது. ஆனால் அப்படித் தொடங்கிக் கோப்பையே வென்றவர்கள் உண்டு: 1993 கவ்பாய்ஸ், 2001 பேட்ரியட்ஸ், 2007 ஜயன்ட்ஸ். மூன்றுக்கும் தனித்தனிக் காரணம். கவ்பாய்ஸின் எமிட் ஸ்மித் சம்பளத் தகராறில் முதல் இரண்டு மேட்ச் ஆடவில்லை. கையெழுத்தானதும் அணி நிமிர்ந்தது. பேட்ரியட்ஸுக்கு இரண்டாவது மேட்சில் ட்ரூ பிளெட்சோ காயப்பட, டாம் பிரேடி உள்ளே வந்தார். ஜயன்ட்ஸ் முதல் இரண்டு மேட்சில் 80 புள்ளி விட்டுக்கொடுத்தது. பிறகு அதே தடுப்புதான் சூப்பர் பௌலில் அதுவரை 18-0 என்றிருந்த பேட்ரியட்ஸை 14 புள்ளியில் நிறுத்தியது.

0-3இலிருந்து எழுந்தவர்கள் மிகக் குறைவு. 2018 ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் 11-5 என்று முடித்தது. 0-4இலிருந்து எழுந்ததற்கு 1992 சான் டியாகோ சார்ஜர்ஸ்தான் எல்லோரும் சொல்லும் உதாரணம். ஆகவே 0-2 என்றால் கோபப்படலாம், 0-3 என்றால் கவலைப்படலாம், 0-4 என்றால் அடுத்த ஏப்ரலில் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டைப் பற்றிப் பேசலாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012 அரிசோனா 4-0 என்று தொடங்கி 5-11 என்று முடித்தது. 2009 டென்வர் 6-0 இலிருந்து 8-8. 2003 மின்னசோட்டா 6-0 என்று போய்க் கடைசி நாளில் ப்ளேஆஃபைத் தவறவிட்டது. அக்டோபர் முதல் வாரத்தில் துள்ளிக் குதிக்கிறவரிடம் அமைதியாக "2012 அரிசோனா" என்று சொன்னால் போதும்.

ஸ்கோரை நம்பாதேன்னா, வேற எதைப் பார்த்து டீம் நல்லாயிருக்குன்னு சொல்றது?

முதலில் பந்து பறிபோன கணக்கு. கீழே விழுந்த பந்து முட்டை வடிவம். எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. விழுந்த பந்தை யார் எடுப்பது என்பது ஏறத்தாழ காசு சுண்டுவதுபோல. நான்கு பந்தையும் எடுத்து ஜெயித்த அணிக்கு அடுத்த வாரம் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. அடுத்து, 8 புள்ளிக்குள் முடிந்த மேட்சுகள். மூன்று மேட்சை 2, 3, 1 என்று வென்ற 3-0 அணியைவிட, ஒன்றை 20இல் வென்று இரண்டை 3இல் தோற்ற 1-2 அணி பலமுறை மேல். எடுத்த புள்ளியிலிருந்து கொடுத்த புள்ளியைக் கழித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மூன்றாவது விஷயத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது டவுன், 7 யார்டு. எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது நீங்கள் குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிபவர்) முன்னால் உள்ள வரிசையில் இடப்பக்கக் கடைசியில் நிற்கும் பெரிய ஆளைப் பாருங்கள். லெஃப்ட் டாக்கிள் என்று பெயர். பந்து பின்னால் போன நொடியில் அவர் கால்கள் சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்குகின்றனவா, இடுப்பு நேராக இருக்கிறதா, கைகள் எதிரியின் மார்பில் இருக்கின்றனவா? அப்படியானால் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை மூன்று விநாடி கிடைக்கும். 7 யார்டு ஓடித் திரும்பிப் பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கு அது போதும். அவர் உடம்பு முன்னால் சாய்ந்து கை வெளியே விரிந்துவிட்டால் எதிரி தோளுக்குக் கீழே புகுந்துவிடுவான். பந்து அவசரமாகப் பறக்கும். திரையில் "மோசமான பாஸ்" என்பார்கள். பழி குவார்ட்டர்பேக்குக்கு, தவறு டாக்கிளின் காலில். நாலு முறை இப்படிப் பார்த்தால் உங்கள் பேச்சே மாறிவிடும்.

செப்டம்பர்ல எல்லா டீமும் ஏன் இவ்வளவு சொதப்புது?

மேலே சொன்னபடி முதல் நிலை ஆட்டக்காரர்கள் ஆகஸ்டில் அதிகம் ஆடுவதில்லை. 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு கவசத்தோடு ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி கிடையாது. சீசன் முழுவதற்கும் கவசப் பயிற்சி 14 முறைதான். ஆட்டக்காரர்களின் உடம்புக்கு இது அவசியமான பாதுகாப்பு. ஆனால் ஆளைப் பிடித்துச் சாய்க்கும் பழக்கம் உண்மையான மேட்சில்தான் வர முடியும். அதனால் முதல் மூன்று வாரம் நழுவவிட்ட பிடிகள் அதிகம். ஐந்து பேர் சேர்ந்து அசைய வேண்டிய முன்வரிசைக்குத்தான் ஒத்திசைவு வர அதிக நாள் பிடிக்கும். ஒருவர் புதியவர் என்றாலே சத்தம் நிறைந்த வெளியூர் மைதானத்தில் முன்கூட்டியே அசைந்து 5 யார்டு தண்டம் வாங்குவார்கள்.

வெயிலும் ஒரு காரணம். மயாமி மைதானத்தில் மதிய ஆட்டத்தின்போது சொந்த அணியின் பெஞ்ச் கூரை நிழலில் இருக்கும், வந்த அணியின் பெஞ்ச் வெயிலில் காயும். மூன்றாம் கால்பகுதியில் தசைப்பிடிப்பு வந்து விழுவது யார் என்று கவனியுங்கள்.

மூணு மேட்ச் தோத்தாச்சு. குவார்ட்டர்பேக்கை மாத்தணும்னு நான் சொன்னா தப்பா?

சொல்லலாம், ஆனால் யார் என்பதைப் பொறுத்தது. 1998இல் பெய்ட்டன் மேனிங் முதல் வருடம் 28 முறை பந்தை எதிரணிக்குக் கொடுத்தார், அணி 3-13. மறுவருடம் 13-3. புதியவரை மூன்று மேட்சில் எடை போட்டிருந்தால் ஒரு மேதை வீணாகியிருப்பார். 2014இல் கிரீன் பே 1-2 என்றிருந்தபோது ஆரன் ராட்ஜர்ஸ் ரேடியோவில் "ரிலாக்ஸ்" என்ற சொல்லை எழுத்துக்கூட்டிச் சொன்னார். அணி 12-4 என்று முடித்தது.

ஏற்கெனவே மூன்று நான்கு வருடம் ஆடி அதே தவறைச் செய்பவர் என்றால் உங்கள் பேச்சில் நியாயம் உண்டு. அதற்கு முன் லெஃப்ட் டாக்கிளின் காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ட்ராஷ் டாக்னா திட்டறதா? எதுவரைக்கும் போகலாம்?

மைதானத்துக்குள் ஆட்டக்காரர் எதிரியின் முகத்துக்கு நேரே கேலி செய்தால் 15 யார்டு தண்டம். ரசிகர்களுக்கு நடுவர் இல்லை, ஆகவே எல்லை அவரவர் கையில். கலாய்ப்பது அணியை, அதன் வரலாற்றை, அந்த ரசிகர் போன வாரம் விட்ட வாய்ச்சவடாலை. குடும்பம், நிறம், ஊர், உச்சரிப்பு இவற்றில் கை வைத்தால் அது கலாய்ப்பே இல்லை. கடன் கொடுத்தவன் மாதிரி துரத்தவும் கூடாது: தோற்றவரிடம் திங்கட்கிழமை ஒருமுறை, மதியத்துக்குள். செவ்வாய் வரை இழுத்தால் நீங்கள்தான் அலுப்பூட்டுகிறீர்கள்.

நல்ல கலாய்ப்பு சின்னதாக இருக்கும், துல்லியமாக இருக்கும். "உங்க டீம் வேஸ்ட்" என்பதில் ஒன்றுமில்லை. ஓர் எண்ணோ ஒரு தேதியோ போதும். கேட்டவர் முகத்தில் வலியும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

அந்த எண்ணு, தேதியெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? யாருக்கு எதைச் சொல்றது?

அட்லாண்டா ரசிகருக்கு "28-3". 2017 பிப்ரவரியில் சூப்பர் பௌலின் மூன்றாம் கால்பகுதியில் ஃபால்கன்ஸ் பெற்றிருந்த முன்னிலை அது. முடிவு 34-28, நியூ இங்கிலாந்துக்கு வெற்றி. இன்றைக்கும் அட்லாண்டா எந்த மேட்சில் பெரிதாக முன்னிலை பெற்றாலும் இந்த எண்தான் வரும். சிகாகோ ரசிகருக்கு "டபுள் டோயிங்க்": 2019 ஜனவரி ப்ளேஆஃபில் கோடி பார்க்கி உதைத்த கடைசிப் பந்து இடக்கம்பத்தில் பட்டு, குறுக்குக்கம்பத்திலும் பட்டு வெளியே விழுந்தது, 16-15 தோல்வி. "டோயிங்க்" என்பது அந்தச் சத்தம்தான், நம் "ணங்" மாதிரி. ஜெட்ஸ் ரசிகருக்கு 2012 நன்றி நவிலும் நாளில் மார்க் சான்செஸ் தன் அணிக்காரரின் பின்புறத்தில் மோதிப் பந்தைத் தவறவிட்டது. அதைப் பெயர் சொல்லாமல் "நவம்பர் 22" என்றாலே புரிந்துகொள்வார்.

கவ்பாய்ஸ் ரசிகர் ஒவ்வொரு செப்டம்பரும் "இது எங்க வருஷம்" என்பார். அவர்கள் கடைசியாக சூப்பர் பௌல் வென்றது 1996 ஜனவரியில்; அதற்குப் பிறகு மாநாட்டு இறுதிக்குக்கூடப் போனதில்லை. பஃபலோ 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு சூப்பர் பௌல் தோற்றது. முதலாவதில் ஸ்காட் நார்வுட்டின் 47 யார்டு உதை வலப்பக்கம் விலகி 20-19. "வைடு ரைட்" என்ற இரண்டு சொல் போதும். மின்னசோட்டாவும் நான்கு தோற்றது. அதோடு 1998இல் சீசன் முழுக்க ஓர் உதைகூடத் தவறவிடாத கேரி ஆண்டர்சன், மாநாட்டு இறுதியில் 38 யார்டைத் தவறவிட்டார். மின்னசோட்டாக்காரரிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்; அது இன்னும் ஆறாத புண்.

கிரீன் பே ரசிகரைக் கலாய்ப்பது கடினம், கோப்பைகள் அதிகம். ஆனால் அணி ஊர்மக்களுக்குச் சொந்தம், அவர்களிடம் பங்குப் பத்திரம் உண்டு. 2021இல் ஒரு பங்கு 300 டாலர். லாபப்பங்கு கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. சுவரில் மாட்டிய அந்தப் பத்திரத்தைப் பற்றி விசாரியுங்கள். அவர் பெருமையாகத்தான் விளக்குவார்.

தலையில சீஸ், கையில மஞ்சத் துண்டு, மேஜை மேல குதிக்கறது... இதெல்லாம் என்ன?

சீஸ் தொப்பி கிரீன் பேயுடையது. விஸ்கான்சின் மாநிலத்தாரை இல்லினாய்க்காரர்கள் "சீஸ்ஹெட்" என்று கேலி செய்தார்கள். 1987இல் ஒருவர் சோபா நுரையை வெட்டி அந்தத் தொப்பியைச் செய்து மாட்டிக்கொண்டு ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குப் போனார், கேலி கிரீடமாகிவிட்டது. மஞ்சள் துண்டு பிட்ஸ்பர்க்கின் "டெரிபிள் டவல்". 1975 டிசம்பர் ப்ளேஆஃபுக்காக ஒலிபரப்பாளர் மைரன் கோப் தொடங்கிவைத்தது. கிளீவ்லண்டில் நாய் முகமூடி: 1980களில் தடுப்பாட்டக்காரர்கள் பயிற்சியில் குரைக்கத் தொடங்க, கூட்டமும் சேர்ந்து குரைத்தது.

மேஜையை உடைப்பது பஃபலோ. மைதானத்துக்கு வெளியே மடக்கு மேஜைமீது குதிப்பார்கள். முதுகெலும்புக்கு நல்லதல்ல, பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்க டீம்தான் மோசம். அடுத்தவன் சொல்றதுக்கு முன்னாடி நாங்களே கலாய்ச்சுக்கலாமா?

இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த நகைச்சுவையே அதில்தான் இருக்கிறது. 1980இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 1-15 என்று தோற்றபோது ரசிகர்கள் மளிகைக்கடைக் காகிதப் பையில் இரண்டு கண் ஓட்டை போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். பையில் அணியின் பெயர் "எயின்ட்ஸ்" என்று மாறியிருந்தது. கவனியுங்கள்: முகத்தை மறைத்துக்கொண்டார்கள், ஆனால் டிக்கெட் வாங்கி வந்தார்கள்.

மேலே சொன்ன பிரவுன்ஸ் 0-16 முடித்ததும், 2018 ஜனவரி 6ஆம் தேதி கிளீவ்லண்ட் ரசிகர்கள் கடுங்குளிரில் "முழுமையான சீசன்" ஊர்வலம் நடத்தினார்கள். மைதானத்தைச் சுற்றி வட்டமாக நடந்தார்கள், பூஜ்யத்தின் வடிவத்தில். உணவு வங்கிக்கும் அதில் உதவி சேர்ந்தது. வெளியார் யாராலும் இவ்வளவு நுணுக்கமாகக் கலாய்த்திருக்க முடியாது.

ஆபீஸ் ஃபேன்டஸி லீக்ல சேத்துட்டாங்க. முதல் வாரம் அடிவாங்கிட்டேன், எல்லாரையும் மாத்திடலாமா?

வேண்டாம். வழக்கமான கணக்கு: ஓடியோ பிடித்தோ எடுத்த 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு 6, குவார்ட்டர்பேக் எறிந்த 25 யார்டுக்கு 1, எறிந்த டச்டவுனுக்கு 4. இதில் டச்டவுன்தான் நிலையில்லாதது. 2 பந்து பிடித்து 2 டச்டவுன் எடுத்தவர், புது ஆட்களை எடுக்கும் செவ்வாய் இரவு எல்லோருக்கும் வேண்டும், அவரை விடுங்கள். 9 முறை பந்து எறியப்பட்டு 50 யார்டு மட்டும் எடுத்தவர் யாரென்று பாருங்கள். பந்து தொடர்ந்து அவரிடம் வரும் என்றால் புள்ளியும் வரும்.

சீசன் நடுவே புது ஆட்களை ஏலத்தில் எடுக்க 100 டாலர் கற்பனைப் பணம் தரும் லீக் என்றால் முதல் வாரம் ஓர் ஆளுக்கு 15, 20க்கு மேல் வேண்டாம். முதன்மை ஓட்டக்காரர் காயப்பட்டு அவருக்குப் பதிலாக ஒருவர் வந்தால் மட்டும் 40, 50 போகலாம். கடைசியில் வருபவருக்குத் தண்டனை என்ன என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பிரபலமானது: வாஃபிள் ஹவுஸ் உணவகத்தில் 24 மணி நேரம் உட்கார வேண்டும், சாப்பிடும் ஒவ்வொரு வாஃபிளுக்கும் ஒரு மணி குறையும். ஐந்தாறுக்கு மேல் இறங்காது. கணக்கு அதை வைத்துத்தான் போட வேண்டும்.

எதிரி டீம் ஸ்டாருக்கு அடிபட்டா சந்தோஷப்படலாமா?

கூடாது. 2023 செப்டம்பர் 11ஆம் தேதி ஆரன் ராட்ஜர்ஸ் ஜெட்ஸுக்காக ஆடிய முதல் மேட்சில் நான்காவது முயற்சியிலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. ஜெட்ஸின் துரதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசினார்கள், சிரித்தார்கள், ஜெட்ஸ் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். கலாய்க்கப்பட்டது அணியின் தலையெழுத்து, அவருடைய கால் அல்ல. அந்த வேறுபாடு முக்கியம்.

அதே வருடம் ஜனவரி 2ஆம் தேதி சின்சினாட்டி மைதானத்தில் பஃபலோவின் டமார் ஹேம்லின் இதயம் நின்று விழுந்தபோது ஆட்டமே கைவிடப்பட்டது. எல்லா அணி ரசிகர்களும் அவருடைய பொம்மை அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பினார்கள், 80 லட்சம் டாலருக்கு மேல். அவர் பிழைத்து, மறுசீசன் திரும்பி ஆடினார். அந்த வாரம் யாரும் பஃபலோக்காரரிடம் "வைடு ரைட்" சொல்லவில்லை.

மேட்ச் டை ஆயிடுச்சு. இப்ப யாரு யாரைக் கலாய்க்கிறது?

சீசன் ஆட்டத்தில் கூடுதல் நேரம் 10 நிமிடம். 2025 முதல் இரு அணிக்கும் ஒருமுறையாவது பந்து கிடைக்கும். அதிலும் சமனானால் சமன்தான், பட்டியலில் அரை வெற்றியாகக் கணக்கு. 2025 செப்டம்பர் 28இல் கிரீன் பேயும் டாலஸும் 40-40. ஒரு மாதத்துக்கு முன்புதான் டாலஸ் மைக்கா பார்சன்ஸை கிரீன் பேயிடம் கொடுத்திருந்தது. அந்த மேட்ச் பதிலடிக்காகவே காத்திருந்தது, இரண்டு பக்கமும் வாயடைத்துப்போனது.

டை ஆன வாரத்துக்கென்று ஒரு பழைய சரக்கு உண்டு. 2008இல் ஃபிலடெல்பியாவும் சின்சினாட்டியும் 13-13 என்று முடிந்தபோது, ஃபிலடெல்பியாவின் டானவன் மக்நாப், என்.எஃப்.எல். மேட்ச் டை ஆகும் என்பதே தனக்குத் தெரியாது என்றார். பத்தாவது சீசன் அவருக்கு. உங்கள் இருவருக்கும் பொதுவாகச் சிரிக்க இது போதும்.

பெட்ல தோத்துட்டேன். எதிரி டீம் ஜெர்சி போட்டு ஆபீஸ் வரணுமாம். தப்பிக்க வழி?

இல்லை. போட்டுக்கொண்டு போங்கள், அடுத்த முறை உங்கள் சொல்லை நம்புவார்கள். ஆனால் பந்தயம் கட்டும்போதே மூன்றைப் பேசிவிட வேண்டும்: எத்தனை மணி நேரம், வாடிக்கையாளர் சந்திப்பு இருந்தால் கழற்றலாமா, படம் எடுத்தால் எந்தக் குழுவுக்குள் மட்டும் போகும். பணம் வேண்டாம், ஜெர்சி, மதியச் சாப்பாடு, ஒரு வாரத்துக்குக் கைபேசியில் எதிரணி முகப்புப்படம், இவை போதும்.

ஒரே பிரிவிலுள்ள அணிகள் வருடத்துக்கு இருமுறை மோதும். ஆகவே ஜெர்சியைத் துவைத்து, எழுத்து உள்பக்கம் வரும்படி மடித்து, இரண்டாவது மேட்சுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுங்கள். அதே பையில் உங்கள் அணி ஜெர்சியையும், அவர் அளவில், வைத்துக் கொடுக்கலாம்.